பாத்துட்டு வந்து சொல்லு

போன வாரம் எங்கள் டீச்சர் காலமாகிவிட்டார். எண்பதைத் தாண்டிய வயது, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள், படுக்கையில் கிடந்ததும் கடைசி ஒரு மாதம்தான். அதனால் துக்கத்துக்கு வந்தவர்கள் "கல்யாண சாவு" என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தேற்றிக்கொண்டார்கள். என்னால் அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை. ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது. எழுதிவிட்டாலாவது கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன். நீளமாகத்தான் போகும்.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பிள்ளைகளுக்கு டீச்சர், பெரியவர்களுக்கு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ரெண்டே பேர்தான், ஒரு தலைமையாசிரியர் சார், அப்புறம் இவர். மூணு வகுப்பு டீச்சரிடம், ரெண்டு வகுப்பு சாரிடம். ஓட்டுக் கட்டிடம், ரெண்டு அறை, ஒரு திண்ணை, வாசலில் பெரிய புங்கமரம், மரத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. கரும்பலகைக்கு மாதம் ஒருமுறை கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசுவோம். பூசின கை ரெண்டு நாளைக்குப் பச்சையும் கறுப்புமாக இருக்கும்.

ஊர் பாலாற்றுக்கு வடகரையில், கே.வி.குப்பம் பக்கம். டீச்சர் காட்பாடியிலிருந்து வருவார். காலை பாசஞ்சரில் லத்தேரி ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து வயல் வரப்பு வழியாக நடந்தே வருவார். மழை என்றாலும் வெயில் என்றாலும் ஒரே கறுப்புக் குடைதான். வேலூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே செருப்பில்லாத கால் தரையில் நிற்காது. ரயில் கூவிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டதும் எங்க ஆயா "டீச்சரம்மா எறங்கிட்டாங்க, கெளம்பு கெளம்பு" என்று என்னை விரட்டுவாள். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். மற்ற வீடுகளுக்கெல்லாம் ரயிலும் டீச்சரும்தான் நேரம்.

நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 1982-ல். அந்த வருஷம் ஜூலை மாதம்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எங்கள் பள்ளியிலும் தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார ஆரம்பித்தோம். முதல் கரண்டி சோற்றை டீச்சர்தான் வாயில் போட்டுப் பார்ப்பார். உப்பு சரியில்லை என்றால் அங்கேயே நின்று சரிசெய்யச் சொல்லி, மறுபடியும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குப் போடச் சொல்வார். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அந்தச் சோற்றுக்காகத்தான் பள்ளிக்கூடம் வந்தோம். சோற்றுக்கு வந்தோம், டீச்சர் இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டோம்.

அவர் எதையும் சொல்லி முடித்துவிட மாட்டார். ஏதாவது கேட்டால் "தெரியல கண்ணு, போயி பாத்துட்டு வந்து சொல்லு" என்பார். ஆடு எத்தனை பல்லோடு இருக்கும் டீச்சர்? பாத்துட்டு வந்து சொல்லு. வேப்பம்பூவுக்கு எத்தனை இதழ்? பாத்துட்டு வந்து சொல்லு. அவருக்குத் தெரியாமல் இல்லை என்று பெரிய வகுப்பு போன பிறகுதான் புரிந்தது. போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்து மூச்சு வாங்க நின்றால், நாம் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்பார். என் வாழ்க்கையில் என் பேச்சை அப்படி முழுசாகக் கேட்ட முதல் பெரிய மனுஷி அவர்தான்.

மூன்றாம் வகுப்பில் மாவட்டத்தைப் பற்றிப் பாடம். அப்போது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலையைத் தனியாகப் பிரித்தார்கள், 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரித்தார்கள். நாங்கள் படித்தபோது அரக்கோணமும் எங்கள் மாவட்டம்தான், வந்தவாசி, செய்யாறு, திருவண்ணாமலை எல்லாமும் எங்கள் மாவட்டம்தான். புத்தகத்தில் இருந்த வரைபடம் உள்ளங்கை அளவு. டீச்சர் அதை மூடச் சொல்லிவிட்டு, புங்கமரத்தடியில் சாம்பலால் மாவட்டத்தைக் கோடு போட்டார், பத்துப் பேர் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிசு. மேற்கே கருங்கல்லைக் குவித்து ஜவ்வாது மலை, ஏலகிரி. நடுவில் பாலாற்று மணலை அள்ளி வந்து தூவி ஆறு. வாணியம்பாடியில் ஒருவன், ஆம்பூரில் ஒருத்தி, வேலூரில், ஆற்காட்டில் என்று ஆளுக்கொரு ஊராக நிறுத்தினார். எனக்கு வாலாஜா. ஆறு கர்நாடகத்தில் நந்தி மலையில் புறப்பட்டு, ஆந்திரா வழியாக வந்து, எங்களைத் தாண்டிப் போய் கல்பாக்கம் பக்கம் வயலூரில் கடலில் சேருகிறது என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மேற்கில் ஊற்றினார். தண்ணீர் ஆம்பூர்வரை கூட வரவில்லை, மணல் குடித்துவிட்டது. எல்லாரும் ஆவென்று பார்த்தோம். "இதான் நம்ம ஆறு. வரலன்னு நெனைக்காதீங்க. அடியில போவுது" என்றார். அன்று சாயங்காலமே ஆற்றுக்குப் போய் ஊற்று தோண்டினோம். முழங்கை ஆழத்தில் ஈரம், தோள்வரை கை போனபோது தண்ணீர். காலையில் முதல் வேலையாக அதை அவரிடம் சொன்னோம்.

அந்த வருஷம் தை மாதத்தில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றுபோனது.

எங்கள் தெரு பீடித் தெரு. குடியாத்தம், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்தில் பீடி என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டாம், மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏஜென்ட் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார். இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். பதமானதும் தகட்டை வைத்து அளவாகக் கத்தரிக்க வேண்டும். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான். சுருட்டுவது அம்மாக்கள், முனை மடக்குவது பிள்ளைகள். குழந்தை விரல் சின்னது, வேகமாகப் போகும். பெண்பிள்ளைகள்தான் அதிகம் உட்காருவோம். தலைமுடி, பாவாடை, சோறு எல்லாவற்றிலும் தூள் வாடை. ராத்திரி தெருவே இருமும்.

அம்மாவுக்கு அப்போது என் தம்பி வயிற்றில். முன்னைப்போல் வேகமாகக் கை ஓடவில்லை. நான் முனை மடக்கினால்தான் ஆயிரம் முடியும் என்ற நிலைமை, அதனால் என்னை நிறுத்திவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் குடையோடு நின்றார்.

"மூணு நாளா காணோமே, காய்ச்சலோ இன்னாவோ, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "காய்ச்சல் எல்லாம் இல்ல டீச்சரம்மா. இவ மடக்கிக் குடுத்தா தான் எனக்கு ஆயிரம் ஆவுது. இன்னா பண்றது சொல்லுங்க."

நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அறிவுரை சொல்லப் போகிறார், அம்மா அழப் போகிறாள் என்று நினைத்தேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். என் மடியிலிருந்த முறத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எப்டிடி மடக்கறது, காட்டு" என்றார். வெளுத்த காட்டன் புடவை, மடியில் பீடித் தூள். அம்மா "ஐயோ வேணாம் வேணாம்" என்று பதறினாள். டீச்சர் விடவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மடக்கினார். பேச்செல்லாம் பிரசவத்தைப் பற்றியும், எந்த மாசம் என்ன சாப்பிட வேண்டும் என்பதைப் பற்றியும்தான். கிளம்பும்போதுதான் சொன்னார்: "காலைல மணி அடிக்கிற வரைக்கும் இவ மடக்கட்டும். சாயந்திரம் வந்து மடக்கட்டும். நடுவுல மட்டும் எங்கிட்ட குடு."

அம்மா கொடுத்தாள்.

அதற்கப்புறம் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பள்ளி விட்டபின் சாயங்கால ரயிலுக்கு அவருக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும். ஸ்டேஷனில் போய் உட்காருவதற்குப் பதிலாக எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வந்து உட்காருவார். போகிற வீட்டில் அவர் மடிக்கு ஒரு முறம் வந்துவிடும். முனை மடக்குவதோடு நிற்காமல் சுருட்டவும் கற்றுக்கொண்டார். பேசிக்கொண்டே சுருட்டுவார், பேசிக்கொண்டே கையெழுத்தும் சொல்லிக் கொடுப்பார். சிலேட்டெல்லாம் கிடையாது. முறத்தில் பரவிக்கிடக்கும் தூளில் விரலால் எழுதிக் காட்டுவார், அம்மாக்கள் அதன்மேலேயே விரலை வைத்து எழுதிப் பார்ப்பார்கள். முறத்தை ஒரு தட்டுத் தட்டினால் தூள் சமமாகிவிடும், மறுபடி எழுதலாம். தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் வந்தது தொண்ணூறுகளில். அதற்குப் பல வருஷம் முன்பே எங்கள் தெருவில் பதினோரு பெண்கள் தங்கள் பேரை எழுதிவிட்டார்கள். அம்மாவுக்குத் தன் பேரில் கடைசி எழுத்து மட்டும் ரொம்ப நாள் வளையவில்லை. அது வளைந்த அன்று முறத்தைத் தட்டாமல் அப்படியே மூலையில் வைத்திருந்தாள், அப்பா வந்து பார்க்கட்டும் என்று.

வாய்ப்பாடு பதினாறு வரைதான் எல்லாப் பள்ளியிலும். டீச்சர் எங்கள் வகுப்புக்கு மட்டும் இருபத்தைந்தாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார், அதையும் நாற்பது வரை. ஓரிருபத்தஞ்சு இருபத்தஞ்சு, ஈரிருபத்தஞ்சு அம்பது. எதற்கென்று சாருக்குக்கூட முதலில் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. ஏஜென்ட் கட்டுகளை எண்ணும்போது "இது கழிவு, இது கழிவு" என்று நாலைந்து கட்டைத் தூக்கித் தனியே போடுவார். கழித்த கட்டுக்குக் கூலி கிடையாது, ஆனால் பீடி மட்டும் திரும்பி வராது. இலையிலும் எடை குறையும், கேட்டால் அடுத்த வாரம் இலையே கிடையாது. ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு டீச்சர் எனக்குக் கொடுத்தார். தேதி, வாங்கின இலை, தூள், கொடுத்த கட்டு, கழித்த கட்டு, கைக்கு வந்த காசு. "நீ யாரையும் ஒன்னும் கேக்க வேணாம். எழுது, போதும். தெனம் எழுது" என்றார். மூன்று மாதம் எழுதினேன். நான் எழுதுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவும் எழுதினாள், எதிர்வீட்டிலும் எழுதினார்கள். ஒருநாள் ஆறேழு அம்மாக்கள் சேர்ந்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனபோது அங்கே ஒரு சத்தமும் எழவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து கழிவு ரெண்டு கட்டுக்குமேல் போகவில்லை. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்குப் பாவாடை எடுத்தார்கள்.

இன்றைக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. கம்ப்யூட்டரில் எழுதுகிறேன், ஜி.எஸ்.டி. போடுகிறேன், எல்லாம் செய்கிறேன். முதலில் கற்ற கணக்கு அந்த ஆறு கட்டம் போட்ட நோட்டுதான். பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருந்தது, அதிலிருந்து பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. இது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அடையாள அட்டைக்கு மனு எழுதியதும், அலைந்ததும், போட்டோ எடுக்க அம்மாக்களைக் குடியாத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் டீச்சர்தான். அந்த மனுவில் அம்மா கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

விரிஞ்சிபுரம் போனதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, 1986-ல், செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். நாங்கள் பதினேழு பேர். டீச்சருக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம், "என்கூட விரிஞ்சிபுரம் வரைக்கும் நடங்க, அது போதும்" என்றார். ஆற்றை மணலிலேயே நடந்து கடந்து தென்கரைக்குப் போனோம். மார்க்கபந்தீஸ்வரர் கோயில், தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டையோடு தனியாக வழிநடந்த வியாபாரிக்குத் துணையாக வந்த சாமி என்று கதை. கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிள்ளை வரம் கேட்டு சிம்ம தீர்த்தத்தில் முழுக அவ்வளவு கூட்டம் வரும். விரிஞ்சிபுரம் மதிலழகு என்று பெரியவர்கள் சொல்வார்கள், அந்த மதிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவே எங்களுக்குக் கால் வலித்தது. டீச்சர் எங்களைக் கூட்டிப் போனது இதற்கெல்லாம் இல்லை. உள்ளே மணிகாட்டும் கல் என்று ஒன்று இருக்கிறது. கல்லில் கோடுகள் செதுக்கி எண் போட்டிருக்கும். மேலே இருக்கிற பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி.

ஆளுக்கொரு தரம் குச்சியை வைத்துப் பார்க்கச் சொன்னார். துடைப்பக் குச்சிதான், அவரே பையில் கொண்டுவந்திருந்தார். என் முறை வந்தபோது நிழல் பதினொன்றில் விழுந்தது. டீச்சர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பதினொன்று தாண்டிக் கிட்டத்தட்டக் கால் மணி. "எது தப்பு?" என்று கேட்டார். கல் தப்பு என்று பாதிப் பேர், வாட்ச் தப்பு என்று பாதிப் பேர். சண்டையே வந்துவிட்டது. கடைசியில் எங்களை நிழலில் உட்காரவைத்து, ஒரு தேங்காயைக் கையில் பிடித்துச் சுற்றிக் காட்டினார். சூரியன் கிழக்கே இருக்கிற ஊருக்கு முதலில் உச்சிக்கு வரும், மேற்கே இருக்கிற ஊருக்குப் பிந்தி வரும். ஊருக்கு ஒரு மணி வைத்தால் ரயில் ஓட முடியாது, அதனால் நாடு முழுக்க ஒரே மணி. அந்த மணிக்கு உரிய கோடு நமக்குக் கிழக்கே போகிறது. "ரெண்டும் சரி. வாட்ச் சொல்றது நாட்டு நேரம். கல்லு சொல்றது நம்ம ஊரு நேரம்."

பல வருஷம் கழித்து ஒருநாள் ஆபீசில் சும்மா இருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்திய நேரத்துக்கு உரிய தீர்க்கரேகை எண்பத்திரண்டரை டிகிரி. வேலூர் எழுபத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே. வித்தியாசம் மூன்றரை டிகிரிக்குள். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். பதிமூன்று, பதினாலு நிமிஷம் வருகிறது. வருஷத்தில் சில மாதங்களில் இது கூடும், சில மாதங்களில் குறையும், ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தில் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆயிரம் பேர் வந்து போகிற கோயிலில் அந்தக் கால் மணி வித்தியாசத்தை ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்து, துடைப்பக் குச்சியையும் தேங்காயையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

திரும்பி வரும்போது ஆற்று மணலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம். அப்போது ஒருவன் அந்தப் பழைய சொல்லைச் சொன்னான். வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜாவில்லாத கோட்டை. கூடவே பெண்களைப் பற்றி ஒன்று சொல்வார்கள், அதைச் சொல்ல டீச்சர் விடவில்லை. "இதெல்லாம் எப்பவோ யாரோ சொன்னது. இப்ப நெசமான்னு ஒவ்வொன்னா பாக்கலாமா?" என்றார். கோட்டையில் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல நூறு வருஷமாகச் சாமியே இல்லாமல் இருந்தது, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-ல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். "அது ஒன்னு ஏற்கெனவே பொய்யாப் போச்சு." ராஜா? "ராஜா எதுக்கு? 1806-ல அந்தக் கோட்டையில சிப்பாய்ங்க சண்டை போட்டது ராஜாவுக்குக் கீழ இருக்கவா?" அந்தச் சிப்பாய்கள் திப்புவின் மகனைத்தான் ராஜாவாக்கப் பார்த்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது, இதைப் பற்றி அவரிடமே போய்ப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பேசியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மலைக்கு மரம் வைக்கலாம் என்று புரட்டாசி மழைக்கு முன்னால் புங்கங்கொட்டை, வேப்பங்கொட்டை எல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கரட்டில் போய்ப் போட்டோம். முளைத்ததை ஆடு மேய்ந்துவிட்டது. அடுத்த வருஷமும் போட்டார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டேன். இப்போது அந்தக் கரட்டில் பாறை இடுக்கில் நாலைந்து வேப்பமரம் நிற்கிறது. எங்கள் கொட்டையா, காக்கை போட்ட கொட்டையா தெரியாது.

பாக்கி இருந்தது ஆறு.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. எனக்கு விவரம் தெரிந்து அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. கரைக்குக் கரை ஓடியது. டீச்சருக்கு போன் செய்தேன். ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷமாகியிருந்தது, போய்ப் பார்த்தும் ரெண்டு மூணு வருஷமாகியிருந்தது, கொரோனா வேறு. குரல் மெலிந்திருந்தது. "டீச்சர், ஆத்துல தண்ணி வந்துருச்சு" என்றேன், ஏதோ நானே கொண்டுவந்த மாதிரி.

"நீ பாத்தியா?"

"டிவில பாத்தேன் டீச்சர்."

"டிவில நானும்தான் பாத்தேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய், அம்மாவையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். சிறுவயதில் ஊற்று தோண்டின இடம் எங்கே என்றே தெரியவில்லை, எல்லாம் செந்தண்ணீர். முட்புதர், வாழைத்தார், யார் வீட்டுக் கதவோ ஒன்று, எல்லாம் அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்தே போன் செய்தேன். எவ்வளவு வேகம், என்ன நிறம், என்ன வாடை, பாலத்துக்கு எத்தனை முழம் பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை நீட்டி சத்தத்தைக் கேட்கவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மேல போவுது" என்றார். அவ்வளவுதான். அதுதான் நான் அவரிடம் நீளமாகப் பேசின கடைசி. அதற்கப்புறம் பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று ரெண்டு நிமிஷப் பேச்சுதான். போயிருக்க வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து காட்பாடி என்ன தூரம், அரை மணி நேரம். போகவில்லை.

செய்தி வந்ததும் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்தாறு, முட்டி வலி, வெளியே போவதே இல்லை. "எப்ப எடுக்கறாங்க?" என்றாள். சாயங்காலம் நாலு மணி என்றேன். "வண்டி சொல்லு" என்றாள். தெருவில் மிச்சமிருக்கிற பழைய ஆட்கள் எட்டுப் பேர், எல்லாரும் டீச்சரிடம் கையெழுத்துக் கற்றவர்கள், ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். டீச்சர் வீட்டில் யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை. யாரோ தெரியாத கிழவிகள் கூட்டமாக வந்து, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, "எங்க மகராசி, எங்க எழுத்துக்காரி" என்று ஒப்பாரி வைத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள். டீச்சரின் மகன் வந்து அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நீங்க யாருங்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டார்.

அம்மா ஊர்ப்பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, பெட்டிமேல் கையை வைத்தபடியே அவரிடம் சொன்னாள்: "உங்கம்மா எங்க வூட்ல ஒக்காந்து பீடி கட்டுவாங்க சாமி. பேசிகினே கட்டுவாங்க. ஒன்னும் தேறாது. நூலு தொளதொளன்னு இருக்கும், தூளு கொட்டும், ஏஜென்ட்டு பாத்தா கட்டோட கழிச்சிடுவான். அவங்க அந்தாண்ட ரயிலுக்குப் போனதும் நான் அத்தினியும் பிரிச்சி, ராத்திரி சிம்னி வச்சிகினு மறுபடி கட்டுவேன். எட்டு வருசம். ஒரு வார்த்த சொன்னதில்ல. சொன்னா வர மாட்டாங்கன்னு."

பக்கத்திலிருந்த பக்கத்து வீட்டு அக்காவின் அம்மா, "நீயுமா?" என்றாள்.